கடல்கட்டியின் மகன்

றசாக்: …அப்ப கொலிஜிலை படிப்பிச்ச வெள்ளைக்காரச் சாமி உன்னைப் பாத்து, "உன்ரை தகப்பன் என்ன தொழில்?" எண்டு கேட்டார். நீ நெஞ்சை நிமித்திக்கொண்டு எழும்பி, "கடல் கட்டிறவர்" எண்டாய். முழு வகுப்பும் சிரிச்சுது.

பஸ்ரியன்: நீயும்தான் சிரிச்சனி.

றசாக்: நான் சிரிக்கேல்லை. சிரிக்கிற மாதிரி வாயை வைச்சிருந்தனான். வகுப்பிலை நான் ஒருத்தன்தான் சோனகப் பெடியன். மற்றவை செய்யிறதைச் செய்யாட்டில் பின்னேரம் கிணத்தடியிலை பிடிப்பாங்கள்.

பஸ்ரியன்: "கடலை எப்பிடிக் கட்டிறது மகனே, கயிறு எவ்வளவு நீளம்?" எண்டு கேட்டார் மனிசன். பிரான்சிலையிருந்து வந்தவருக்கு நான் என்னத்தைச் சொல்ல? முத்துக்குளிக்க முதல் அப்பு வள்ளத்து முன்பக்க அணியத்திலை நிண்டு ஓதினால் சுறாவுக்கு வாய் திறபடாது எண்டால் விளங்குமோ?

றசாக்: விளங்கேல்லை. "மீன்பிடி" எண்டு எழுதிப்போட்டு, இரு எண்டார்.

பஸ்ரியன்: ம்… அண்டு தொடங்கினது. யாழ்ப்பாணத்திலை கொலிஜ் முடிக்கிறவரைக்கும் நான் மீன்பிடிகாரன்ரை மகன். அது சுகமாத்தான் இருந்தது.

றசாக்: எனக்கு உன்னிலை பொறாமை. என்ரை வாப்பா முத்துக்குளிக்கிற குளிகாரன். தொழில் சொன்னால் ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். கேக்கவும் மாட்டினம்.

பஸ்ரியன்: இதைச் சொல்லவோ சிலாபத்துறை முத்துக்குளிப்பு முகாமிலையிருந்து இந்த வெயிலுக்குள்ளை நடந்து வந்தனி?

றசாக்: சும்மா… ஒரு நினைப்பு வந்துது.

பஸ்ரியன்: உனக்குச் சும்மா நினைப்பு வாறேல்லை. குளிகாரர் அனுப்பினவையோ?

றசாக்: சீ, இல்லை.

பஸ்ரியன்: றசாக்கு…

றசாக்: அனுப்பினவைதான். ஆனால் நானும் வரத்தான் இருந்தனான். கோவிக்காதை. அந்த நிழலுக்குத் தள்ளி இரு, மணல் சுடுது.

பஸ்ரியன்: என்னவாம்?

றசாக்: அதேதான். வள்ளமெல்லாம் கரையிலை. குளிகாரர் பிடிச்சு இறங்கிற கல்லும் கயிறும் ஏத்தினபடி கிடக்கு. ஒருத்தரும் தண்ணியிலை கால் வைக்கமாட்டினமாம். உன்ரை அப்பு கட்டினது இன்னும் அவிழ்க்கேல்லையாம்.

பஸ்ரியன்: அவர் செத்துப்போனார்.

றசாக்: அதைத்தான் அவையும் சொல்லுகினம். காலமை வாயைக் கட்டினார், பின்னேரம் அவிழ்க்க முதல் மணலிலை இருந்தபடி கண்ணை மூடிட்டார். அப்ப சுறாவுக்கு இன்னும் வாய் மூடின மூடல். பட்டினி. அந்தக் கட்டுத் தானா உக்கி விடுகிற நாளிலை முதல் ஆளாக் கீழை நிக்கிறவன் ஆர் எண்டு கேக்கினம்.

பஸ்ரியன்: முத்துக்குளிப்பை நடத்துற வெள்ளைக்காரத் துரை என்ன கேட்டவர் தெரியுமோ? "கட்டினபடி இருந்தால் இன்னும் நல்லதுதானே, ஏன் இறங்கமாட்டன் எண்டுகினம்?"

றசாக்: அவருக்கு நீதானே மொழிபெயர்த்துச் சொன்னனி?

பஸ்ரியன்: ஓம். "கடல்கட்டி செத்துப்போனார், அதாலை பயப்பிடுகினம்" எண்டு சொன்னனான். "ஆரந்த மனிசன்?" எண்டு கேட்டார்.

றசாக்: நீ என்ன சொன்னனி?

பஸ்ரியன்: "ஒரு கிழவன்" எண்டு சொன்னனான். அவருக்குப் பக்கத்திலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டு சொன்னனான். நல்ல இங்கிலீசு.

றசாக்: சரி விடு. கொலிஜிலை படிச்ச பழக்கம்.

பஸ்ரியன்: அதைத்தான் நானும் யோசிக்கிறன். அங்கை என்னத்தைத்தான் படிச்சம்?

பிரான்சிஸ்கா: ரெண்டு பேரும் கொலிஜ் எண்டு தொடங்கிட்டியளோ? இனிப் பொழுது பட்டால்தான் எழும்புவியள். இந்தாங்கோ, தேத்தண்ணி. றசாக் அண்ணை, பனங்கட்டியோடை குடியுங்கோ.

றசாக்: பிரான்சிஸ்கா தங்கச்சி கேட்டுக்கொண்டுதான் நிண்டதோ?

பிரான்சிஸ்கா: கேக்காமல்? கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து கேக்கிறன். கொலிஜ் மணி, கொலிஜ் கஞ்சி, போர்டிங்கிலை கண்ட மூட்டைப் பூச்சி. நான் அந்தக் கொலிஜைக் கண்ணாலை காணேல்லை, ஆனால் கனவிலை அதின்ரை படியெல்லாம் ஏறி இறங்குறன்.

பஸ்ரியன்: நீ உள்ளை போ.

பிரான்சிஸ்கா: போறன், போறன். அண்ணை, இவர் நித்திரை கொள்ளுறேல்லை. மாமா போன நாளிலையிருந்து வாய் மட்டும் அசையுது. கிட்டப் போய்க் காது குடுத்தால் சத்தம் இல்லை.

பஸ்ரியன்: செபம் சொல்லுறன்.

பிரான்சிஸ்கா: எனக்குத் தெரியாத செபமோ? அருள் நிறைந்த மரியாயே சொல்லுற வாயும் அதுவும் ஒண்டில்லை. ஏதோ தேடுகிற வாய். மீன் குழம்புச் சட்டி அடுப்பிலை கிடக்கு, நான் போறன். பேசி முடிச்சால் கூப்பிடுங்கோ.

றசாக்: …தங்கச்சி உள்ளை போட்டுது. மச்சான், இனி மறைக்காதை. நாளைக்கு விடிய வள்ளம் இறங்காட்டில் முகாமைப் பிரிக்கச் சொல்லித் துரை சொல்லிப்போட்டார். உனக்குத் தெரியும், நீதானே அதையும் சொன்னனி. கடலடிப் பாரிலை முத்துச்சிப்பி இப்பிடி விளைஞ்சு எத்தினை காலம். இனி எந்த வருஷம் விளையுமோ. இந்தியா அக்கரையிலையிருந்து வந்தவை, இஞ்சத்தை முசலியாக்கள், எல்லாரும் வெறுங்கையோடை போகவேணும். நீ ஒருக்கா அணியத்திலை ஏறி நில். அவ்வளவுதான்.

பஸ்ரியன்: ஏலாது.

றசாக்: ஏன்?

பஸ்ரியன்: கோயிலிலை என்ன சொல்லுவினம்? பூசையிலை நன்மை அப்பம் வாங்கிற நாக்காலை மந்திரமோ?

றசாக்: உன்ரை அப்பு ஒவ்வொரு நாளும் பூசை கண்டிட்டுத்தானே வள்ளம் ஏறினவர். சாமியே அவரைக் கண்டால், "பேதுரு, இண்டைக்குச் சுறா எப்பிடி?" எண்டு பகிடி பண்ணுவார்.

பஸ்ரியன்: கந்தோர் வேலை போகும். அரசாங்கக் கிளாக்கர் சுறாவுக்கு ஓதினால் துரை வைச்சிருப்பாரோ?

றசாக்: வள்ளம் இறங்கினால் துரை உன்னைத் தோளிலை தூக்கி வைச்சிருப்பார்.

பஸ்ரியன்: எனக்கு நம்பிக்கை இல்லை.

றசாக்: அதைக் குளிகாரர் கேக்கேல்லை.

பஸ்ரியன்: நான் கேக்கிறன். அந்தப் போத்தல் ஞாபகம் இருக்கோ? கொலிஜிலை, விஞ்ஞான அறை அலுமாரிக்குள்ளை…

றசாக்: சுறாக்குட்டி. ஸ்பிரிட்டுக்குள்ளை ஊறிப்போய், வெள்ளை வெளேரெண்டு.

பஸ்ரியன்: வாய் திறந்தபடி. மற்றவை விளையாடப் போற நேரம் நான் தனிய அங்கை போய் நிப்பன். பின்னேர வெயில் கண்ணாடியாலை வந்து அந்தத் தண்ணிக்குள்ளை விழும். குட்டி நீந்துகிற மாதிரி இருக்கும். நான் கண்ணாடியிலை வாயை வைச்சு, சின்ன வயசிலை அப்புவிட்டைக் கேட்ட ரெண்டொரு சொல்லைச் சொல்லிப் பாப்பன்.

றசாக்: மூடினதோ?

பஸ்ரியன்: பகிடியோ?

றசாக்: இல்லையடா. கேக்கிறன்.

பஸ்ரியன்: செத்த மீன் எப்பிடி மூடும்? ஆனால் ஒவ்வொரு முறையும் நான் மூடும் எண்டு காத்துக்கொண்டு நிண்டனான். கடைசி வருஷம் காத்துக்கொண்டு நிக்கிறதை விட்டிட்டன். அதுதான் எனக்குக் கிடைச்ச பட்டம்.

றசாக்: ம்.

பஸ்ரியன்: விடுமுறைக்கு வந்து அப்புவைக் கேட்டன், எனக்கும் அந்தச் சொல்லைத் தாங்கோ எண்டு. என்னை நல்லாப் பாத்தார். "உனக்கு வேண்டாம் மோனை. நீ சொல்லுக்குக் கருத்துத் தேடுவாய். கருத்துத் தேடுற வாயைச் சுறாவுக்குத் தெரியும்" எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னார். பிறகு கேக்கேல்லை.

றசாக்: அப்ப… உனக்கு மந்திரமே தெரியாதோ?

பஸ்ரியன்: தெரியாது.

றசாக்: ஒரு சொல்லும்?

பஸ்ரியன்: முதல் சொல்லும் கடைசிச் சொல்லும். நடுவிலை கடல்.

றசாக்: அல்லாஹ்வே… அதுதான் வாய் தேடிக்கொண்டிருக்கோ.

பஸ்ரியன்: இப்ப விளங்கிச்சோ? போய்ச் சொல்லு. பேதுருவின்ரை மகனுக்கு இங்கிலீசு தெரியும், லத்தீன் தெரியும், அது தெரியாது.

றசாக்: சொல்லமாட்டன்.

பஸ்ரியன்: ஏன்?

றசாக்: அதுக்கு முதல் நான் ஒண்டு சொல்லுறன், கேள். போர்டிங்கிலை முதல் மாசம். எனக்கு நித்திரை வராது. நீளமான அறை, கட்டிலெல்லாம் வெள்ளை விரிச்சு, சுவரிலை உங்கடை சிலுவை. உம்மாவை நினைச்சு அழுதால் மற்றவைக்குக் கேக்கும் எண்டு தலகணியைக் கடிச்சுக்கொண்டு கிடப்பன். பக்கத்துக் கட்டில் நீ. "பயப்பிடாதை, அப்புவின்ரை மந்திரத்தாலை இந்த அறையைக் கட்டிறன்" எண்டு சொன்னாய்.

பஸ்ரியன்: …சொன்னனானோ?

றசாக்: சொன்னனி. பிறகு மெல்லமாய், மூக்காலை ஓதினாய். ஏதோ தண்ணி ஓடுகிற மாதிரி. நான் அப்பிடியே நித்திரை. அடுத்த நாளும் கேட்டன். அடுத்த நாளும்.

பஸ்ரியன்: றசாக்கு, அது…

றசாக்: தெரியும். பூமிசாத்திரப் புத்தகத்திலை இருந்த இங்கிலாந்து ஆறுகள். தேம்ஸ், செவேண், ட்ரென்ற்…

பஸ்ரியன்: எப்ப கண்டுபிடிச்சனி?

றசாக்: நீ டபிள் பாஸ் பண்ணி என்னிலும் ஒரு வகுப்பு மேலை போன பிறகு, நீ மேல்வகுப்புப் பெடியளிட்டை இரவல் வாங்கின அதே புத்தகம் எனக்கு வந்தது. சாமி வாசிக்கச் சொன்னார். நான் எழும்பி வாசிக்கத் தொடங்க, கண் சொருகுது. நிண்டபடி கொட்டாவி. பிரம்பாலை ரெண்டு போட்டார்.

பஸ்ரியன்: உண்மையாவோ?

றசாக்: சிரி, சிரி. அப்புவுக்குப் பிறகு இப்பத்தான் நீ சிரிக்கிறாய். ஆனால் கேள்… தெரிஞ்ச பிறகும் உன்னை ஓதச் சொல்லிக் கேட்டனான். தெரிஞ்ச பிறகும் நித்திரை வந்தது. ஏனெண்டு நான் யோசிச்சிருக்கிறன். ஆத்தின்ரை பேருக்காக இல்லை. ஒருத்தன் எனக்காக முழிச்சிருக்கிறான் எண்டது. அதுதான் நான் அந்தக் கொலிஜிலை படிச்சது. மற்றதெல்லாம் மறந்துபோச்சு. கணக்கு மட்டும் கொஞ்சம் இருக்கு.

பஸ்ரியன்: அப்ப நாளைக்கு அணியத்திலை நிண்டு தேம்ஸ் எண்டு ஓதவோ?

றசாக்: ஓது. சுறாவுக்கு இங்கிலீசு தெரியாது.

பஸ்ரியன்: நீ பகிடியாலை என்னை ஏத்தப் பாக்கிறாய்.

றசாக்: வேறை என்னத்தாலை ஏத்துறது?

பஸ்ரியன்: ஆர் முதல் இறங்கிறதாம்?

றசாக்: ஆ?

பஸ்ரியன்: நான் நிண்டால், முதல் கல்லிலை ஆர் இறங்கிறது?

றசாக்: வஸீர். வேறை ஆர்? அவனைப்போலை மூச்சு இந்தக் கரையிலை ஒருத்தருக்கும் இல்லை.

பஸ்ரியன்: வஸீரோ…

றசாக்: ஓம். ஏன்?

பஸ்ரியன்: சும்மா கேட்டன். தேத்தண்ணி ஆறுது, குடி.

றசாக்: குடிக்கிறன்.

பஸ்ரியன்: உன்ரை வாப்பா எப்பிடி?

றசாக்: காது சுத்தமாப் போட்டுது. பக்கத்திலை நிண்டு கத்தினாலும் வாயைத்தான் பாப்பார். பத்துப் பாகம் ஆழம் எண்டாலும் இறங்கின மனிசன், தண்ணி காதைத் திண்டிட்டுது. தன்னை ஆதம்பாவா எண்டு கூப்பிட்டால் இப்ப ஆடு மாடுதான் திரும்பிப் பாக்கும் எண்டு தானே சொல்லிச் சிரிப்பார்.

பஸ்ரியன்: எங்களைக் கொலிஜிலை விட வந்த நாள் நினைவிருக்கோ? ஒரே வண்டில். இலுப்பைக்கடவை கடந்து, றோட்டு முழுக்க வெள்ளை மணல். நாங்கள் ரெண்டு பேரும் வைக்கோலுக்குள்ளை படுத்திருக்கிறம். முன்னாலை அவை ரெண்டு பேரும்.

றசாக்: நான் நித்திரை எண்டு நினைச்சுக் கதைச்சவை.

பஸ்ரியன்: நானும் நித்திரை எண்டு நினைச்சு.

றசாக்: வாப்பா கேட்டார், "பேதுரு, உன்ரை பெடியனுக்கு ஓதக் குடுக்கேல்லையோ?" எண்டு. அப்பவும் காது மந்தம், பலமாத்தான் கேட்டார்.

பஸ்ரியன்: அதுக்கு அப்பு, "நீ உன்ரை பெடியனுக்கு முத்துக்குளிக்கப் பழக்கினனியோ?" எண்டார்.

றசாக்: பிறகு மாட்டு மணிச் சத்தம் மட்டும். வானத்திலை ஒரு செங்கால் நாரைக் கூட்டம் போனது. எனக்கு இப்பவும் தெரியுது.

பஸ்ரியன்: கொஞ்சத்தாலை அப்பு சொன்னார், "இவையள் ரெண்டு பேரும் கடலைக் கரையிலை நிண்டு பாக்கிற ஆக்களா வரவேணும்" எண்டு.

றசாக்: வந்தம்தானே. நீ துரைக்குப் பக்கத்திலை. நான் வள்ளத்து முதலாளியா, குடையோடை.

பஸ்ரியன்: அவையின்ரை ஆசை நிறைவேறிச்சுது. அப்பிடியே விடுவமே.

றசாக்: என்னத்தை விடுறது?

பஸ்ரியன்: முகாம் பிரிஞ்சால் பிரியட்டும். நீ மன்னாரிலை ஒரு கடை போடு. உனக்குக் கணக்கு வரும். கடையிலை சுறா வராது.

றசாக்: நீ விளையாட்டாச் சொல்லேல்லை.

பஸ்ரியன்: இல்லை.

றசாக்: இண்டைக்கு விடிய, முகாமிலை, ஒரு குளிகாரன் என்னைக் கேட்டான். அக்கரைப் பெடியன், பேர் மஹ்மூது. நான் வழமைபோலை, "பயப்பிடாதையுங்கோ, இறங்குங்கோ, சுறா இந்தப் பக்கம் வராது" எண்டு விளங்கப்படுத்திக்கொண்டு நிக்கிறன். கொலிஜிலை படிச்ச பேச்சு. அவன் எழும்பி, மரியாதையாத்தான் கேட்டான்: "முதலாளி, நீங்கள் ஒருக்கா இறங்கிப் பாத்திருக்கிறியளோ?" எண்டு. ஒருத்தரும் சிரிக்கேல்லை. சிரிச்சிருந்தால் நல்லது. எல்லாரும் என்ரை குடையைப் பாத்தினம்.

பஸ்ரியன்: அவன் பெடியன். அதுக்கு நீ…

றசாக்: பொறு, நான் சொல்லி முடிக்கிறன். வாப்பா தன்ரை காதைக் குடுத்து எனக்குப் படிப்பு வாங்கினார். நான் அந்தப் படிப்பைக் கொண்டுவந்து வைச்சு, ஆற்றையோ பிள்ளையளை, "இறங்கு, இறங்கு" எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறன். முத்து வந்தால் எனக்கு. காது போனால் அவங்களுக்கு. நான் என்னத்துக்குப் படிச்சனான் எண்டு அண்டைக்கு வண்டிலிலை கதைச்ச ரெண்டு பேரும் வந்து கேட்டால்?

பஸ்ரியன்: கீழை இறங்கினால் அதுக்கு மறுமொழி வருமோ?

றசாக்: நான் இறங்கிறன் எண்டு ஆர் சொன்னது?

பஸ்ரியன்: ஒருத்தரும் சொல்லேல்லை. பேச்சுக்குக் கேட்டன்.

றசாக்: …கீழை எப்பிடி இருக்கும் எண்டு வாப்பா ஒருக்கா சொன்னவர். பச்சை வெளிச்சமாம். எல்லாம் மெல்லமா அசையுமாம். சத்தமே இல்லையாம், ஆனால் தன்ரை நெஞ்சு அடிக்கிறது கடல் முழுக்கக் கேக்குமாம். மேலை பாத்தால் வள்ளத்தின்ரை அடி ஒரு கறுத்த இலை மாதிரி மிதக்குமாம். அந்த இலையைப் பாத்தால் பயம் போகும் எண்டவர்.

பஸ்ரியன்: அந்த இலையிலை ஆர் நிண்டதாம்?

றசாக்: உன்ரை அப்பு. …வெயில் சாயுது. நான் போகவேணும். அவையள் வாசலிலை பாத்துக்கொண்டிருப்பினம். என்ன சொல்ல?

பஸ்ரியன்: எனக்கு ஏலாது எண்டு சொல்லு.

றசாக்: அதுதான் கடைசிச் சொல்லோ?

பஸ்ரியன்: ஓம்.

றசாக்: சரி. நான் உன்னைக் கோவிக்கேல்லை. பிரான்சிஸ்காவிட்டைச் சொல்லு, தேத்தண்ணி நல்லது எண்டு. …பஸ்ரியன்.

பஸ்ரியன்: என்ன?

றசாக்: நீ வந்தாலும் வராட்டிலும் நாளைக்கு விடிய ஒரு வள்ளம் போகும். ஒரு கல் இறங்கும். நீ நிண்டால் நல்லாயிருக்கும் எண்டுதான் வந்தனான். உன்னட்டைப் பொய் சொல்லிப்போட்டுப் போக மனம் வரேல்லை. முதல் இறங்கிறது வஸீர் இல்லை.

பஸ்ரியன்: நீயெண்டு தெரியும். வஸீர் உனக்கு முன்னமே இஞ்சை ஓடிவந்து, "முதலாளி என்ரை கையிலை அடிச்சு, பஸ்ரியன் ஏறினால் நான்தான் முதல் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டார், அவருக்கு மூச்சுப் பழக்கம் இல்லை" எண்டு அழுதிட்டுப் போனவன். நான் ஏறாட்டில் நீ இறங்கமாட்டாய் எண்டு நினைச்சுத்தான் சாமியையும் துரையையும் போத்தலையும் இவ்வளவு நேரமும் குறுக்கை போட்டுக்கொண்டிருந்தனான். நீ எப்பிடியும் இறங்கத்தான் போறாய் எண்டால்… ஓதுறது வாயாலைதானே, கை சும்மாதானே இருக்கும். உன்னை மேலை இழுக்கிற கயிற்றை வேறை ஒருத்தரிட்டையும் குடுக்காதை.